மாத்திரை சாப்பிட்டும் கால் வீங்குகிறதே!

"மாத்திரையை விடாமத்தானே சாப்பிடறேன், அப்புறம் எப்படி டாக்டர் மறுபடியும் ரத்தம் கட்டிச்சு?" காலில் ரத்தம் உறைந்து, வயிற்றில் ஊசி போட்டு, மாத்திரைக்கு மாறி, வேலைக்குத் திரும்பிய ஒருவர் சில மாதம் கழித்து அதே காலோடு வந்து நின்றால் முதலில் கேட்பது இதைத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் நிற்பவரும், காக்களூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்துக்கு முன் நிற்பவரும், எண்ணூர் துறைமுகத்திலிருந்து ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவரும் கேட்கக்கூடிய கேள்வி. இதற்கு வழக்கமாக இரண்டு அவசரப் பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலை, வேற எழுதறேன்." இன்னொன்று, "நீங்க ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்க." இரண்டும் விசாரிக்காமல் சொல்லும் தீர்ப்புகள். மருந்துக்கு நடுவிலும் ரத்தம் உறைந்தது என்றால் உடம்போ, வாழ்க்கைமுறையோ நமக்கு ஏதோ துப்புக் கொடுக்கிறது. அந்தத் துப்பைப் பின்தொடர்ந்து போகாமல் மாத்திரையை மட்டும் மாற்றினால், மூன்றாவது முறையும் கால் வீங்க வழி திறந்தே இருக்கும்.

முதலில் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று நாம் சொல்கிறோம். ரசத்தில் தண்ணீர் விடுவதுபோல அது ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ரத்தம் அதே கெட்டியில்தான் ஓடுகிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்களின் வேலையை மருந்து தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கட்டிய கட்டியை அது கரைப்பதும் இல்லை. கரைப்பது உடம்பின் சொந்த வேலை. கட்டி மேலும் வளராமலும், புதிதாக ஒன்று கட்டாமலும் மருந்து காவல் நிற்கிறது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைய மூன்று காரணங்கள் கூடிவரும் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள்: ஓட்டம் தேங்குவது, குழாயின் சுவர் பழுதாவது, ரத்தமே உறையும் சுபாவத்துக்கு மாறுவது. மாத்திரை தொடுவது மூன்றாவதை மட்டும். மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் காவலாளி ஒருவர், வாசல் மூன்று என்ற கதைதான்.

அப்படியானால் மருந்து நம்பத்தகாததா? இல்லை. ரிவரோக்சபான் என்ற புதிய மாத்திரையை, ஊசியில் தொடங்கி வார்ஃபரின் வகை மாத்திரைக்கு மாறும் பழைய முறையோடு ஒப்பிட்டு 2010இல் வெளியான பெரிய ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் மறுபடி உறைந்தவர்கள் புதிய மாத்திரையில் 100க்கு 2 பேர், பழையதில் 3 பேர். 2013இல் அபிக்சபான் என்ற இன்னொரு புதிய மாத்திரைக்கு வெளியான ஆய்விலும் ஏறக்குறைய இதே அளவுதான். மாறாக, வெளிப்படையான காரணம் இல்லாமல் ரத்தம் உறைந்தவர்கள் மருந்தை நிறுத்திவிட்டால் முதல் ஆண்டிலேயே 10 பேரில் ஒருவருக்கும், ஐந்தாண்டில் நாலில் ஒருவருக்கும், பத்தாண்டில் மூன்றில் ஒருவருக்கு மேலும் திரும்ப வருகிறது. ஆக, மருந்து வேலை செய்கிறது. ஆனால் அந்த 2 பேர், 3 பேர் என்பது ஆய்வுக்காக நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட நோயாளிகளின் கணக்கு. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்து, சம்பளம் வந்த பிறகு மாத்திரை வாங்குகிறவரின் கணக்கு அதோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. 'இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய், நமக்கு அபூர்வம்' என்ற பழைய எண்ணமும் இப்போது செல்லாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1996 முதல் 2005 வரையிலான தன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, உள்நோயாளிகள் பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேருக்கு இந்த நோய் இருந்தது.

விசாரணையில் முதலில் கேட்க வேண்டியது, கட்டியது உண்மையிலேயே புதிதுதானா என்பது. ஒருமுறை உறைந்த குழாய் பலருக்கு முழுமையாகத் திறப்பதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஸ்கேன் பார்த்தாலும் பழைய தழும்பு தெரியும். குழாய்க்குள் இருக்கும் வால்வுகளும் சேதமாகிவிடுவதால், நின்று வேலை பார்த்த நாளின் மாலையில் கெண்டைக்கால் கனக்கும், கணுக்கால் தடிக்கும், தோல் கறுத்து அரிக்கும். காலில் ரத்தம் உறைந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இந்தப் பின்விளைவுக்கு ஆளாகிறார்கள். இது புது உறைவு அல்ல, பழையதன் மிச்சம். டாப்ளர் ஸ்கேன் செய்பவரிடம் முந்தைய ஸ்கேன் இல்லையென்றால் பழைய தழும்பையும் புதிய கட்டி என்று எழுதிவிடக்கூடும். அதன் பேரில் மருந்தின் அளவைக் கூட்டினால் லாபம் ஒன்றுமில்லை, ரத்தக் கசிவின் ஆபத்து மட்டும் கூடும். வடதமிழகக் கடலோரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் புழங்கிய பகுதி என்பதால் வீங்கிய காலைக் கண்டதும் அந்த நினைவு வருகிறது, அல்லது 'நரம்புச் சுருட்டல்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதனால் சிகிச்சை முடியும் கட்டத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது அவசியம். நாளை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

இரண்டாவது கேள்வி, வாய்க்குள் போன மாத்திரை ரத்தத்துக்குள் போனதா? இங்கேதான் விஷயம் அதிகம் இருக்கிறது. ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்று, மறக்கக் கூடாதே என்ற அக்கறையில் மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். ஒரு நாளும் தவறவிடாதவர்தான். ஆனாலும் தினம் தினம் மூன்றில் ஒரு பங்கு மருந்து வீணாகிறது. அட்டையை எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும், ரத்தத்தில்தான் இருக்காது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் நேரமே தலைகீழாகிறது. புதிய மாத்திரைகளின் வேலை பெரும்பாலும் அரை நாளில் தளர்ந்துவிடும் என்பதால் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போட்ட மாத்திரை, காவலில்லாத ஓர் இரவு. பழைய மாத்திரையிலும் இதே கதைதான். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசினோகூமரால், வார்ஃபரினைவிட வேகமாக உடம்பிலிருந்து வெளியேறுவது. 'இரண்டு நாள் அரை, மூன்றாம் நாள் முழுசு' என்று எழுதிய சீட்டு ஷிஃப்ட் மாற்றத்தில் குழம்பினால் ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். என்ற எண் ஏறி இறங்கும். அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே இருந்த நாட்களில் காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பரிசோதனைக்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர், இரண்டு முறை போவார், மூன்றாம் முறை 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இருந்துவிடுவார். தொடக்க வாரங்கள் இன்னும் முக்கியம். ரிவரோக்சபானை முதல் 21 நாள் தினம் இரண்டு வேளை 15 மில்லிகிராம், அபிக்சபானை முதல் 7 நாள் இரட்டை அளவு என்று எழுதுவதற்குக் காரணம், மறுஉறைவு அதிகம் வருவது அந்த நாட்களில்தான் என்பது. பழைய மாத்திரை தொடங்கும்போது குறைந்தது ஐந்து நாள் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கூடவே போக வேண்டும். 'லீவு இல்லை' என்று மூன்றாம் நாளே வீடு திரும்பினால், மாத்திரை பிடிக்கும் முன்பே காவல் போய்விடுகிறது.

இந்தத் தொழிற்பேட்டைகள் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி தனியாக இருக்கிறது: காசநோய் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உலகக் காசநோய் ஆராய்ச்சியில் இந்த மண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரின் கிராமங்களையும் சேர்த்து, 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் ஆய்வு தொடங்கியது. 1999இல் நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் முறையை இங்கே நடைமுறைப்படுத்தி, சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. அடுத்த ஆண்டுகளில் நோய் குறைந்ததை அந்தக் கணக்கெடுப்புகள் காட்டின. அந்த வெற்றியின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மாத்திரை என்று சொன்னால் சாப்பிட்டவர்களுக்கு உடனே நினைவு வரும். உயிர் காக்கும் அந்த மருந்து, கல்லீரலைத் தட்டி எழுப்பி, மற்ற மருந்துகளை வேகமாக எரித்துத் தள்ள வைக்கிறது. ரிவரோக்சபானும் அபிக்சபானும் ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே புதிய வகையைச் சேர்ந்த டாபிகாட்ரான் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வார்ஃபரினுக்கு வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். காசநோயே ரத்தம் உறையும் சுபாவத்தையும் கூட்டுவது. ஒரு பக்கம் தீ பெருகுகிறது, மறுபக்கம் தண்ணீர் குறைகிறது. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டு வாரத்தில் நிலைமை தலைகீழாகும். கூட்டிய அளவிலேயே வார்ஃபரின் தொடர்ந்தால் ரத்தக் கசிவு. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன், கார்பமாசிபைன் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. காசநோய் மாத்திரை ஒரு மையத்திலும், கால் மாத்திரை வேறொரு மருத்துவமனையிலும் வாங்கும் நோயாளியின் இரண்டு சீட்டுகளையும் யாரும் ஒன்றாகப் பார்க்காவிட்டால், இந்த மோதல் கடைசிவரை கண்ணில் படாது. காசநோய் மாத்திரையை நிறுத்துவது ஒருபோதும் தீர்வல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். மாற்ற வேண்டியது உறைவெதிர்ப்பு மருந்தின் வகையும் அளவும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறார். உறைவெதிர்ப்பு மருந்தோடு அது சேரும்போது ஈறில் ரத்தம் கசிகிறது, மலம் கறுக்கிறது. பயந்துபோய் இரண்டையும் நிறுத்துகிறார். வலி மாத்திரையை நிறுத்தியது சரி, மற்றதையும் நிறுத்தியதால் இரண்டு வாரத்தில் கால் வீங்குகிறது. 'மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்' என்பார், அது பொய்யும் அல்ல. இடையில் விட்ட பத்து நாள் அவர் கணக்கில் வராது. உணவு விஷயம் இதைவிட எளிது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே நிறைய இருப்பதால் அசினோகூமரால், வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையே கூடாது என்பதில்லை. மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, ஆடி மாதத்தில் கூழோடு நாள்தோறும் முருங்கைக்கீரை என்று போவதுதான் சிக்கல். புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இப்படி அடுக்கிக்கொண்டே போனால் பழியைக் கடைசியில் நோயாளியின் தலையில் கட்டுவதாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மாத்திரை எப்போது, எதோடு போடப்படுகிறது என்று விசாரிப்பதும், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கடிந்துகொள்வதும் ஒன்றல்ல. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அதை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ நகர்த்திக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆறு மணி ஷிஃப்டை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஐ.என்.ஆர். பார்க்கப் போகும் நாள் சம்பளமில்லாத நாள் என்பதும் அவர் வகுத்த விதி அல்ல. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய சீட்டு கைகொடுக்காது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறையும் செவிலியரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதியது. நின்றே வேலை செய்கிறவர் இடைவேளையில் உட்கார வசதி வேண்டும் என்றது அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது. அந்தப் பையில் இந்தக் கருவிக்கும் ஓர் இடம் கொடுத்தால் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் பயணங்களில் பாதி மிச்சமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்து ஒழுங்காகச் சேர்ந்தும் புதிதாக உறைந்தால், பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். முதலில் நினைக்க வேண்டியது புற்றுநோய். புற்றுநோயாளிகளிடம் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் 100க்கு 17 பேருக்கு மறுபடி உறைந்தது. ஹெப்பாரின் வகை ஊசி போட்டவர்களில் 9 பேருக்கு. எடை குறைவு, சாப்பாடு பிடிக்காமை, மலத்தில் ரத்தம் ஆகியவை இருந்தால் காலோடு நிறுத்தாமல் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும். அடுத்தது ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறைய வைக்கத் தூண்டுவது. அடுத்தடுத்துக் கருக்கலைந்த பெண்ணுக்குக் காலிலும் ரத்தம் உறைந்தால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். இத்தாலியில் 120 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் தீவிர வகைக்கு ரிவரோக்சபான் கொடுத்த 59 பேரில் 7 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. வார்ஃபரின் சாப்பிட்ட 61 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். புதியது எப்போதும் மேல் என்று நினைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. மூன்றாவது, உடம்பின் அமைப்பே செய்யும் தடை. திரும்பத் திரும்ப இடது கால் மட்டும் வீங்கினால், இடுப்புக்குள் வலப்பக்கத் தமனி இடப்பக்கச் சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். மே, தர்னர் என்ற இருவர் 1957இல் 430 உடல்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 22இல் அந்த இடத்தில் தழும்பு இருப்பதைக் கண்டார்கள். எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை. தருபவர்களுக்கு எத்தனை மாத்திரை மாற்றினாலும் வழி திறக்காது. உள்ளே ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும். தொடை வரை மட்டும் பார்க்கும் ஸ்கேனில் இது தெரியாது.

அப்படியானால் உலைக்கு முன் நிற்கும் வேலைதான் குற்றவாளியா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நீண்ட நேரம் நிற்பதற்கும் சுருண்ட சிரைகளுக்கும் உள்ள தொடர்பு வலுவானது. ஆழ்சிரையில் உறைவதற்கு அதுவே காரணம் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு ஆதாரம் அதைவிடத் தெளிவு: உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. சாதாரணமானவருக்கு அது இன்னும் சிறிய ஆபத்துதான், ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒருவர். ஏற்கெனவே ஒருமுறை உறைந்த கால் அந்தக் கணக்கில் சேராது. ட்ரெய்லர் ஓட்டுநர் இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடப்பதும், நிற்பவர் இடையிடையே உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் மருந்தின் ஒரு பகுதி. வேலையை விட்டுவிடச் சொல்லும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை போனால் மாத்திரையும் போய்விடும்.

'சரி, அளவைக் கூட்டிவிட்டால் போதாதா, ஆஸ்பிரினும் சேர்த்தால் என்ன, வலை வைத்துவிட்டால் என்ன?' என்பது மிச்சமுள்ள வாதம். காரணம் தெரியாமல் ஆஸ்பிரின் சேர்ப்பதால் ரத்தக் கசிவு கூடுவது நிச்சயம், பயன் சந்தேகம். இடுப்புக்கு மேலே பெருஞ்சிரையில் வைக்கும் வலை, கட்டி நுரையீரலுக்குப் போவதைத் தடுக்கும், காலில் உறைவதைத் தடுக்காது. நாளடைவில் கூட்டவும் செய்யும். ரத்தக் கசிவால் மருந்தே கொடுக்க முடியாதவருக்குத்தான் அது முதன்மையாக உரியது. மாத்திரை ஒழுங்காகச் சேர்ந்தும் புது உறைவு உறுதியானால், குறைந்தது சில வாரங்களுக்கு எடைக்கேற்ற அளவில் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாறிக்கொண்டு, அந்த இடைவெளியில் காரணத்தைத் தேடுவதே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் வழி. அந்தத் தேடலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. திருவள்ளூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

மருத்துவரிடம் போகும்போது பழைய ஸ்கேன் தாள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை (காசநோய் மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட), மாத்திரை போடும் நேரமும் அப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்பதும், இடையில் விட்ட நாட்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விட்ட நாட்களைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே 108.